கோல்ஃப் காயப் பதிவேடு: "காயம் இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "இல்ல சார்"

#1 தண்டையார்பேட்டை பிசியோ
ஞாயிறு, காலை 8:10

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறி நந்தனம், கிண்டி கோல்ஃப் மைதானங்களுக்குப் போகிறவர்கள் 40 பேர். 22 பேர் ஆடுபவர்கள், 18 பேர் பை தூக்கும் கேடிகள். 26 வாரம் இவர்களுடைய காயம், நோய் இரண்டையும் பதிய வேண்டும்.

கோல்ஃபுக்கென்று 2020-ல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கையை வைத்துப் படிவம் போட்டிருக்கிறோம். ஒலிம்பிக் கமிட்டி அதே வருடம் எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகச் சொன்ன பதிவு முறையை கோல்ஃபுக்கு ஏற்றபடி தைத்துக் கொடுத்தது அது. இலக்கணம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆட்டத்தால், ஆற்றல் ஒரேயடியாகவோ திரும்பத் திரும்பவோ உடம்பில் ஏறித் திசு கெட்டாலோ, இயக்கம் குறைந்தாலோ அது காயம். காயத்தோடு சம்பந்தமில்லாத உபாதை நோய்.

சிக்கல் வெள்ளோட்டத்திலேயே வந்துவிட்டது. "கடந்த 7 நாட்களில் தங்களுக்குக் காயம் ஏதேனும் ஏற்பட்டதா?" என்று அச்சடித்துக் கொடுத்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டே "இல்லை" கட்டத்தில் டிக் போடுகிறார்கள். கேள்வி தப்பா, வரையறை தப்பா?

#2 எர்ணாவூர் சிஸ்டர்
ஞாயிறு, காலை 8:46

கேள்விதான் தப்பு தம்பி. "காயம்"னா நம்ம ஆளுங்களுக்குத் தோல் கிழியணும், ரத்தம் வரணும், டிஞ்சர் போடணும். "அடி"ன்னா கீழ விழுந்திருக்கணும், இல்ல பந்து பட்டிருக்கணும். ஆறு மாசமா இடுப்பு பிடிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு ரெண்டும் இல்ல. அவர் "இல்ல"ன்னு எழுதுறது நியாயம்.

அறிக்கையில இருக்கிற சொல்லு மருத்துவருக்கு. படிவத்துல வலியோட சொல்லு வரணும்: வலி, பிடிப்பு, சுளுக்கு, குடைச்சல், வீக்கம், மரத்துப்போறது, கை கால் இழுக்கிறது. இந்த ஏழையும் ஒவ்வொண்ணா வாசிச்சுட்டு நிறுத்திக் கேளுங்க. "குடைச்சல்"னு சொன்னதும் தலை ஆட்டுறவங்க "வலி"க்கு ஆட்ட மாட்டாங்க. மரத்துப்போறதை யாரும் வலியா நினைக்கிறதே இல்ல.

நோய்க்குத் தனி வரிசை: ஜுரம், சளி, மூச்சு வாங்குறது, வயித்தால போறது, நீர்க்கடுப்பு, தலைசுத்தல், தோல்ல அரிப்பு. "சூடு பிடிச்சிருச்சு"ன்னு பதில் வந்தா அப்படியே எழுதாதீங்க. சூடுன்னா நீர்க்கடுப்பா, கட்டியா, கண் எரிச்சலா, வயித்துவலியா, அடுத்த கேள்வியில பிரிச்சுடணும்.

#3 கல்மண்டபம் ஆர்த்தோ
ஞாயிறு, காலை 9:30

சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் வலை இவ்வளவு அகலமானால் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத உடம்பு வலிதான் விழும். எளிய வழி, ஆட்ட நாள் இழப்பை மட்டும் எடுப்பது. ஆட முடியாமல் போனதா, எத்தனை நாள். காயம்பட்ட நாள் பூஜ்யம், மறுநாளிலிருந்து எண்ணிக்கை. 0, 1 முதல் 7, 8 முதல் 28, 28-க்கு மேல் என்று நான்கு அடுக்கு. மறுப்பதற்கு இடமில்லாத கணக்கு.

#4 மூலக்கொத்தளம்
ஞாயிறு, காலை 9:52

டாக்டர் சார், கேடிங்க விஷயத்துல அந்தக் கணக்கு ஓடாது. ஒரு நாள் போகலன்னா அன்னிக்குக் கூலி இல்ல. தோள்ல பை தூக்க முடியலன்னா தள்ளுவண்டி வெச்சிருக்கிற ஆட்டக்காரருக்கு மாத்திக்குவாங்க. அதுவும் இல்லன்னா இந்தப் பக்கம் தோள்லேர்ந்து அந்தப் பக்கம். லீவு போட்ட நாள் பூஜ்யம். உங்க பதிவேட்டுல அவர் ஆரோக்கியமான ஆள்.

இன்னொண்ணு. கேடி மாஸ்டர் பக்கத்துல நிக்கும்போது படிவத்தை நீட்டாதீங்க. "வலிக்குது"ன்னு சொன்னா மறுநாள் ரவுண்டு வேற ஆளுக்குப் போயிடும்.

#5 புள்ளி பெரம்பூர்
ஞாயிறு, காலை 11:15

மூலக்கொத்தளம் அண்ணன் சொன்னதுதான் இந்தத் துறையில் பழைய தலைவலி. நாள் இழப்பை மட்டும் எண்ணினால், தாங்கிக்கொண்டு போகிறவன் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறான். தேய்மானத்தால் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஆளைப் படுக்க வைப்பதில்லை, ஆட்டத்தைத்தான் கெடுக்கும். கோல்ஃபில் வருவது பெரும்பாலும் அந்த ரகம்.

அதற்காக வந்ததுதான் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தின் கேள்வித்தாள். 2020-ல் திருத்திய பதிப்பை எடுங்கள். நான்கே கேள்வி: கலந்துகொண்டாரா, பயிற்சியையோ ஆட்டத்தையோ மாற்றிக்கொண்டாரா, ஆட்டத் திறன் குறைந்ததா, உபாதை எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், மதிப்பெண் 0, 8, 17, 25. கூட்டினால் 0 முதல் 100 வரை. முதல் கேள்விக்கே "எந்தப் பிரச்சினையும் இல்லாமல் முழுதாக ஆடினேன்" என்றால் அந்த வாரம் முடிந்தது. "ஆடவே முடியவில்லை" என்றால் நேராக 100.

டாக்டர் சாரின் பயமும் நியாயம்தான். அதனால் மூன்று சல்லடை வையுங்கள். எல்லா உபாதையும் ஒன்று. இரண்டாவது அல்லது மூன்றாவது கேள்வியில் 17-க்குக் குறையாமல் வந்தவை இன்னொன்று, இதைக் கணிசமான பிரச்சினை என்று தனியாகச் சொல்லலாம். நாள் இழப்பு மூன்றாவது. ஒரே பதிவிலிருந்து மூன்றையும் எடுத்துவிடலாம். முதலிலேயே மூன்றாவதை மட்டும் கேட்டால் மற்ற இரண்டும் திரும்பி வராது.

கேடிகளுக்கு இரண்டாம் கேள்வியில் "பயிற்சி" என்ற சொல் வேலைக்கு ஆகாது.

#6 தண்டையார்பேட்டை பிசியோ
ஞாயிறு, மதியம் 1:05

நன்றி மேடம். கேடிகளுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

"போன வாரம் உடம்பு உபாதையால உங்க வேலையை மாத்திக்கிட்டீங்களா? தோள் மாத்தித் தூக்குனது, வண்டிக்கு மாறுனது, ரெண்டு ரவுண்டுக்குப் பதில் ஒண்ணு போனது, எல்லாம் சேர்த்தி."
மாத்தல / கொஞ்சம் / ஓரளவு / ரொம்ப.

#7 எர்ணாவூர் சிஸ்டர்
ஞாயிறு, மதியம் 1:20

"கொஞ்சம்", "ஓரளவு" ரெண்டும் வாயில ஒண்ணாத்தான் விழும். 8-க்கும் 17-க்கும் நடுவுலதான் மேடம் சொன்ன சல்லடை இருக்கு. அங்க குழப்பம் வந்தா மொத்தமும் போச்சு. "லேசா", "பாதிக்குப் பாதி", "முக்காவாசி"ன்னு வெச்சுப் பாருங்க. அளவு கண்ணுல தெரியணும்.

வெச்சதும் அச்சுக்குக் கொடுக்காதீங்க. எட்டுப் பத்துப் பேரை உக்கார வெச்சு, "இந்தக் கேள்வி என்ன கேக்குது, உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க. தமிழ்ப் படிவத்தை, ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்தச் சொல்லுங்க. மூலத்தோட எங்க இடிக்குதோ அங்க திருத்தணும்.

#8 வியாசை கோச்
ஞாயிறு, மதியம் 2:02

தலைவா, படிவத்து மேல கொட்டை எழுத்துல "கேடி பதிவேடு"ன்னு போட்டிருக்கீங்க. வடசென்னையில அந்தத் தலைப்பு போட்ட நோட்டு போலீஸ் ஸ்டேஷன்லதான் இருக்கும். அதுல கைரேகை வைக்க எவன் வருவான்? முதல்ல தலைப்பை மாத்துங்க.

#9 தண்டையார்பேட்டை பிசியோ
ஞாயிறு, மதியம் 2:04

😂 மாற்றியாச்சு. "கோல்ஃப் உடல்நலக் குறிப்பு." உள்ளே "பை தூக்குபவர்".

#10 கல்மண்டபம் ஆர்த்தோ
ஞாயிறு, மாலை 4:40

புள்ளி மேடம் சொன்ன மூன்று சல்லடைக்குச் சம்மதம். நான் வேறொரு இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன்: எந்த உறுப்பு, எந்தப் பக்கம்.

படிவத்தில் "இடுப்பு" என்று ஒரே கட்டம் இருக்கிறது. தமிழில் இடுப்பு வலி என்றால் கீழ்முதுகு. தொடை சேரும் மூட்டும் இடுப்புதான். கோல்ஃபில் இந்த இரண்டும் கலக்கவே கூடாது. பந்து போகும் இலக்கைப் பார்த்த பக்கத்து இடுப்பு மூட்டு உள்பக்கமாகத் திரும்ப மறுத்தால் அந்தச் சுழற்சியைக் கீழ்முதுகு வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் காரணமும் விளைவும் ஒன்றாகிவிடும். "கை" தோளிலிருந்து விரல் நுனி வரை, "கால்" அதே மாதிரி. ஆகவே சொல்லை நம்ப வேண்டாம். முன்புறம், பின்புறம் உடற்படம் இரண்டு அச்சடியுங்கள், விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குறியீட்டை, விளையாட்டுக் காயம், நோய்களுக்கான குறியீட்டுப் பட்டியலான ஓஸிக்ஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து பிறகு நீங்கள் போடலாம்.

அடுத்து பக்கம். கோல்ஃப் அறிக்கை இடது, வலதோடு நிற்பதில்லை. இலக்கைப் பார்த்த பக்கமா, அதற்கு எதிர்ப் பக்கமா என்று கேட்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு இலக்குப் பக்கம் இடது. மணிக்கட்டுக் கோளாறு அதிகம் வருவது இந்தப் பக்கம். முழங்கையில் வெளிப்புற வலி பெரும்பாலும் இலக்குப் பக்கக் கையில். ஊரெல்லாம் கோல்ஃபர் எல்போ என்று சொல்லும் உட்புற வலி எதிர்ப் பக்கக் கையில். உங்கள் படிவத்தில் இதை "முன்கை வலி", "பின்பக்க வலி" என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். முன்கை என்றால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ளது. பின்பக்கம் என்றால் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

தீர்வு சுலபம். இடது, வலது மட்டும் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை "கிளவ் எந்தக் கையில் போடுவீங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளவ் போடும் கை இலக்குப் பக்கக் கை. மீதியைக் கணினி கணக்குப் போடும். இரண்டு கையிலும் போடுகிறவர் அபூர்வம், அவரிடம் மட்டும் நின்று காட்டச் சொல்லலாம்.

கிளவ் கையில் ஒரு இடத்தைத் தனியாகச் சொல்கிறேன், பதிவேட்டில் "சுளுக்கு" என்று தப்பாக விழுவது இதுதான். மட்டையின் பிடி நுனி, சுண்டுவிரல் பக்க உள்ளங்கை மேட்டில் அழுந்துகிறது. அதற்குக் கீழே ஹேமேட் என்ற சிறு எலும்பின் கொக்கி. மட்டை பந்துக்கு முன் தரையில் இடித்தால் நுனி அந்தக் கொக்கியைக் குத்தும். சில சமயம் ஒரே இடி, சில சமயம் நாள்பட்ட குத்தல். மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் ஓரத்தில் பட்டாணி மாதிரி தட்டுப்படும் எலும்பைத் தொடுங்கள். அங்கிருந்து ஆள்காட்டி விரலின் அடிமூட்டை நோக்கி ஏறத்தாழ 2 செ.மீ. நகர்ந்து ஆழமாக அழுத்துங்கள். அங்கே வலி எகிறினால் சந்தேகம். அடுத்து மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து வைத்து, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கச் சொல்லி எதிர்ப்புக் கொடுங்கள். தசைநாண் கொக்கியை இழுக்கும், முறிவு இருந்தால் உள்ளங்கையில் வலிக்கும்.

நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. கார்ப்பல் டனல் கோணத்தில் எடுக்க வேண்டும், அதிலும் தெரியாவிட்டால் சி.டி. "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டோடு புத்தூர்க் கட்டுக்குப் போய்விட்டால், மூன்று வாரம் கட்டில் இருந்துவிட்டு அதே கையோடு திரும்ப ஆடப் போவார். ஆகவே சிகிச்சைப் பகுதியில் புத்தூர்க் கட்டு, எண்ணெய்க் கட்டு, மெடிக்கல் ஷாப் மாத்திரை, மூன்றுக்கும் கட்டம் போடுங்கள். "மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் கட்டுப் போட்டவர் "ஆமாம்" என்றும் எழுதுவார், "இல்லை" என்றும் எழுதுவார்.

#11 மூலக்கொத்தளம்
ஞாயிறு, மாலை 5:25

டாக்டர் சார் கொக்கி பத்தி சொன்னதால பிடியையும் ஒரு வரி சேருங்க. ரப்பர் பிடி தேஞ்சு வழவழன்னு ஆயிட்டா, சித்திரை வேர்வையில மட்டை சுத்தும். சுத்தாம இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பாங்க. "பிடி மாத்தி எத்தனை மாசம்?"னு கேட்டா போதும்.

எங்க அடிச்சாங்கங்கிறதும் முக்கியம். பயிற்சி ரேஞ்சுல சிமெண்ட் மேல பாய் போட்டிருப்பாங்க. புல்லுல மட்டை முன்னாடியே இடிச்சா மண்ணு பேந்து வரும், பந்து போகாது, தப்பு தெரியும். பாயில மட்டை வழுக்கிக்கிட்டுப் போய் பந்தையும் தள்ளிடும். ஆளு நல்லா அடிச்சதா நினைப்பாரு, இடியை மணிக்கட்டும் முழங்கையும் வாங்கியிருக்கும். அதனால மைதானமா ரேஞ்சா, புல்லா பாயா, எந்த மட்டை, வலி எந்த நேரத்துல: மட்டையைத் தூக்கும்போதா, இறக்கும்போதா, பந்துல படும்போதா, சுத்தி முடிக்கும்போதா. நாலு கட்டம்.

பை தூக்குறவங்களுக்குத் தனித் தாள் போடுங்க. பையோட எடை, பட்டை ஒத்தையா ரெட்டையா, எந்தத் தோள். பந்து எங்க விழுதுன்னு பார்க்க முன்னாடி போய் நிக்கிறவருக்குப் பந்து பட்ட அடி தனி. ஆட்டக்காரர் பந்தோட அதிகபட்ச எடை 45.93 கிராம்தான், ஆனா கண்ணுல பட்டா அந்தக் கண்ணு போச்சு. அதை "சுளுக்கு" வரிசையில சேர்க்க முடியாது.

#12 கல்மண்டபம் ஆர்த்தோ
ஞாயிறு, மாலை 5:50

நல்ல வரிசை அண்ணே. வந்த விதத்தையும் அதோடு சேர்க்கலாம், அது மூன்று வகை. ஒரே அடியில் வந்தது. திரும்பத் திரும்பச் செய்து மெல்ல மெல்ல வந்தது. மூன்றாவதுதான் ஏமாற்றும்: உள்ளே நாளாகச் சேர்ந்து, வெளியே திடீரென்று தெரிவது. புதிதாக கோல்ஃப் கற்கிறவர்கள் ரேஞ்சில் கூடை கூடையாக அடித்து, இலக்குப் பக்க விலா எலும்பு பின்புறமாக விரிசல் விடுவது இந்த வகை. "நேத்து அடிக்கும்போது சுருக்குன்னுது" என்பார். விரிசலுக்கு அடித்தளம் மூன்று வாரத்துக்கு முன்பே போட்டது.

ஆரம்ப எக்ஸ்ரேயில் இதுவும் தெரியாமல் போகலாம். அவரும் "வாயு பிடிப்பு" என்று பெருங்காயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

#13 எர்ணாவூர் சிஸ்டர்
ஞாயிறு, மாலை 6:08

வாயுன்னு சொன்னதும் ஞாபகப்படுத்துறேன், இது பதிவேட்டை விட அவசரம். கோல்ஃப் ஆடுறதுல நிறைய பேர் 50 தாண்டினவங்க, சுகர், பிரஷர் உள்ளவங்க. "நெஞ்சுல வாயு அடைக்குது"ன்னு யாராவது எழுதினா வாரக் கடைசி வரைக்கும் படிவத்தை மடிச்சு வெக்காதீங்க. விலா வலின்னா விரலால ஒரு இடத்தைக் காட்டுவார், அழுத்தினா, திரும்பினா வலிக்கும். மேட்டுல நடந்தா வந்து, நின்னா குறையுற அடைப்பு, வேர்வை, தாடைக்கோ கைக்கோ ஏறுறது, இதுல எது இருந்தாலும் இ.சி.ஜி. அந்த நிமிஷமே வலி இருந்தா 108. சுகர்காரங்களுக்கு வலியே இல்லாம மூச்சு வாங்குறதா மட்டும் வரலாம்.

படிவத்தை யார் வாங்கினாலும் அதே நாள்ல ஒருத்தர் வாசிக்கணும்னு எழுதி வையுங்க.

#14 புள்ளி பெரம்பூர்
ஞாயிறு, இரவு 8:30

இப்போது வகுக்கும் எண். விகிதத்தின் தொகுதியை (காயம்) எல்லாரும் ஆசையாக எண்ணுகிறார்கள், பகுதியை (ஆடிய மணி) மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஆடுபவர் 40 பேர், 26 வாரம், வாரத்துக்குச் சராசரி 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 40 × 26 × 6 = 6,240 மணி. நாள் இழந்த காயம் 9 என்றால் 1,000 மணிக்கு 1.44. இதை அப்படியே சுவரொட்டியில் போடாதீர்கள். 9 என்பது சின்ன எண். 95 விழுக்காடு நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, 0.66 முதல் 2.74 வரை விரிகிறது. உங்களிடம் ஆடுபவர் 22 பேர்தான், மணி 3,432 ஆகச் சுருங்கும், எல்லை இன்னும் விரியும். "கீழ்முதுகு முதலிடம், மணிக்கட்டு இரண்டாமிடம்" என்று தரவரிசை போடும் அளவுக்கு அதில் சரக்கு இருக்காது. வாரந்தோறும் எத்தனை பேருக்கு உபாதை என்ற பரவல் விகிதத்தைத்தான் நம்பிச் சொல்லலாம்.

அந்த 9 காயத்துக்கு இழந்த நாட்கள் 3, 4, 5, 6, 7, 9, 12, 24, 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 180, சராசரி 20, நடு எண் 7. ஒரே ஓர் ஆள் சராசரியை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டார். இரண்டையும் எழுதுங்கள். சுமை, அதாவது 1,000 மணிக்கு இழந்த நாள், 28.8. எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் ஆளை மாதக்கணக்கில் உட்கார வைக்கும் காயம் இந்த எண்ணில்தான் தெரியும்.

மணிக்கணக்கும் கோல்ஃபில் பாதிதான் உண்மை. நாலு மணி நேரம் 18 குழி ஆடினால் பெரும்பகுதி நடை. முழு வீச்சு சில பத்துதான். ரேஞ்சில் ஒரு மணி நேரத்தில் 100 பந்து அடித்துவிடலாம். நாலு மணி நேர ஆட்டத்தை விட ஒரு மணி நேர ரேஞ்ச் மணிக்கட்டுக்கு அதிக வேலை. மணி, குழி, ரேஞ்சில் அடித்த பந்து, மூன்றையும் கேளுங்கள். எத்தனை கூடை என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். பை தூக்குபவர்களுக்கு ரவுண்டுதான் அளவு. இவர்கள் 18 பேரையும் அந்த 22 பேரோடு கூட்டி ஒரே விகிதம் போட்டால் அது யாருடைய விகிதமும் அல்ல.

இரண்டு தவறு எப்போதும் நடக்கும். பதில் அனுப்பாத வாரத்தை "பிரச்சினை இல்லை" என்று 0 போடுவது ஒன்று. அனுப்பாத வாரம் வெற்று வாரம். அந்த ஆளின் மணி நேரமும் வகுக்கும் எண்ணில் சேரக்கூடாது. ஒரே முதுகு வலியை ஒன்பது வாரம் ஒன்பது புதுக் காயமாக எண்ணுவது மற்றொன்று. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஓர் எண் கொடுத்து, அடுத்த வாரம் "அதே எண் 3 தொடருதா?" என்று கேளுங்கள். முழுதாகக் குணமாகி மறுபடி வந்தால் மீள்காயம், குணமாகாமலே அதிகமானால் முற்றல். முதல் வாரமே இருக்கும் வலியைப் பரவலில் சேருங்கள், புதிதாக வந்தவற்றில் சேர்க்காதீர்கள்.

#15 வியாசை கோச்
ஞாயிறு, இரவு 9:02

மேடம், இதே நாலு கேள்வியை நம்ம பசங்க கால்பந்து டீமுக்கும், தெருமுனை கேரம் கிளப்புக்கும் வெச்சுக்கலாமா? கேரம்ல மோதல் கிடையாது, ஒரே விரல் சுண்டல், மணிக்கணக்கா குனிஞ்சு உக்கார்றது. கோல்ஃப் மாதிரியேதானே இருக்கு.

#16 புள்ளி பெரம்பூர்
ஞாயிறு, இரவு 9:10

தாராளமாக. நாலு கேள்வி எந்த ஆட்டத்துக்கும் பொது. மாறுவது வகுக்கும் எண்ணும் சூழல் கட்டங்களும்தான். கேரமுக்குப் போர்டு எண்ணிக்கை எடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் எழுத்தில் இசைவு வாங்க வேண்டும், அதற்குக் கீழே 7 வயது வரை வாய்மொழி இசைவு. ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதி முதல் படிவத்துக்கு முன்பே. பிறகு வாங்க முடியாது.

#17 எர்ணாவூர் சிஸ்டர்
திங்கள், காலை 6:55

வெயிலை யாரும் தொடல. நோய்ப் பக்கத்துல நம்ம ஊருக்கு முக்கியமானது அதுதான்.

வெறும் வெப்பநிலை எழுதினா பிரயோஜனம் இல்ல. சென்னையில 35 டிகிரிக்கும் மதுரையில 38 டிகிரிக்கும் உடம்பு ஒரே மாதிரி வேர்க்காது. இங்க ஈரப்பதத்துல வேர்வை காயாது, காயலன்னா உடம்பு குளிராது. வெப்பம், ஈரப்பதம், வெயில் மூணையும் சேர்த்துக் காட்டுற ஈரக்குமிழ் கோளமானி வெச்சு அளக்கணும். கணக்கு இது: ஈரக்குமிழ் அளவுல 0.7 பங்கு, கறுப்புக் கோளத்துல 0.2, சாதா வெப்பமானியில 0.1. மூணும் கூட்டினா ஒரு எண்.

எங்க அளக்குறீங்கங்கிறது அடுத்தது. காசிமேட்டுல கடல்காத்து வந்திருக்கும், கிண்டியில அதே நேரத்துல வந்திருக்காது. வீட்டு மொட்டைமாடி அளவை எழுதிட்டு கிண்டியில மயங்கினவருக்குக் காரணம் தேடக்கூடாது. மைதானத்துலயே, நிழல் இல்லாத இடத்துல, ஆட்டம் தொடங்கும்போதும் பாதியிலும் எடுங்க. கருவி இல்லாத நாளைக்கு கிண்டிக்கு மீனம்பாக்கம், நந்தனத்துக்கு நுங்கம்பாக்கம் வானிலை நிலைய அளவை எடுத்து, "நிலைய அளவு"ன்னு குறிச்சு வையுங்க, சொந்த அளவோட கலக்காதீங்க.

படிவத்துல வெப்பத் தளர்ச்சியும் வெப்ப வாதமும் ஒரே கட்டமா இருக்கு, பிரிங்க. தலைசுத்தல், வாந்தி, சோர்வு இருந்து பேச்சு தெளிவா இருந்தா தளர்ச்சி. குழறல், ஆளைத் தெரியாம பேசுறது, மயக்கம், உள் வெப்பம் 40 டிகிரிக்கு மேலன்னா வாதம். அங்கயே தண்ணியில முக்கியோ, தண்ணி ஊத்தி விசிறியோ குளிர வெச்சுட்டுத்தான் வண்டியில ஏத்தணும். அக்குள்ல வெச்ச வெப்பமானி கம்மியா காட்டும், அதை நம்பி விட்டுடாதீங்க.

#18 மூலக்கொத்தளம்
திங்கள், காலை 7:30

சிஸ்டர், இடியும் சேர்த்துக்கலாம். மின்னல் தெரிஞ்சு 30 நொடிக்குள்ள சத்தம் வந்தா ஆட்டம் நிக்கணும், கடைசி இடிச்சத்தத்துக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளிய வரக்கூடாது. மரத்தடி ஆகாது. குடையும் மட்டையும் கையில வெச்சுக்கிட்டு மைதானத்து நடுவுல நிக்கக்கூடாது.

பூச்சி மருந்து, களை மருந்து அடிச்ச தேதியையும் மைதானத்துலேர்ந்து வாங்கி வையுங்க. அரிப்பு, கண் எரிச்சல் வந்த வாரத்தோட ஒத்துப்பார்க்கலாம். பந்தைச் சுத்தம் பண்ண நாக்குல நக்குற பழக்கம் சிலருக்கு உண்டு. அயர்லாந்துல அப்படி ஒருத்தருக்குக் கல்லீரல் வீங்கி, 1997-ல மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. ஈரத்துணி பைசா பெறாது.

#19 தண்டையார்பேட்டை பிசியோ
திங்கள், காலை 10:15

எல்லாம் சேர்த்துத் திருத்திய படிவம் நாளை போடுகிறேன். திங்கள்தோறும் மாலை வாட்ஸ்அப்பில் போகும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு போன், ஒரே ஆள் எல்லா வாரமும் பேசுவார். பெயர், போன் எண் தனித் தாளில் பூட்டி வைத்து, பதிவேட்டில் ஆ-07, பை-12 என்று எண் மட்டும்.

#20 புள்ளி பெரம்பூர்
திங்கள், காலை 10:22

தேதியை 05/06 என்று எக்செலில் அடிக்காதீர்கள். ஒரு கணினியில் ஜூன் 5, இன்னொன்றில் மே 6. இழந்த நாள் கணக்கு 30 நாள் தள்ளிப்போகும், சில இடத்தில் கழித்தல் குறியோடு வரும். நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை.

#21 தண்டையார்பேட்டை பிசியோ
திங்கள், காலை 10:40

ஒரு கேள்வி பாக்கி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மைதானம் பத்து நாள் மூடினால், அதற்கு முந்தின நாள் மணிக்கட்டில் அடிபட்டவருக்கு எத்தனை நாள் இழப்பு? மைதானம் திறந்த அன்றே ஆடப் போய்விட்டார்.

#22 கல்மண்டபம் ஆர்த்தோ
திங்கள், பகல் 11:05

ஆடப் போன தேதி கணக்கில்லை, ஆடத் தகுதியான தேதிதான் கணக்கு. "மைதானம் திறந்திருந்தால் எந்த நாளிலிருந்து தடையில்லாமல் முழுதாக ஆடியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். நாலாம் நாள் என்றால் அதற்கு முன் வந்த மூன்று நாள்தான் இழப்பு.

#23 மூலக்கொத்தளம்
திங்கள், பகல் 11:12

பை தூக்குறவருக்கும் அதேதான். ஆனா அந்தப் பத்து நாள் அவர் சும்மா இருக்க மாட்டார், மார்க்கெட்ல மூட்டை தூக்கப் போயிருப்பார். தோள் வலி அங்க வந்ததா இங்க வந்ததான்னு தெரியாது. "இந்த வாரம் வேற என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை நாள்?" அந்த ஒரு வரியை முதல் பக்கத்துல போடுங்க.

#24 தண்டையார்பேட்டை பிசியோ
திங்கள், பகல் 11:15

போட்டாச்சு அண்ணே. மூன்றாம் கேள்வி.